சோளிங்கரிலிருந்து எல்லை ஊர்களுக்கு: நடந்தும் சைக்கிளிலும்

சோளிங்கர் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த நிலையம் சோளிங்கரில் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. ஊருக்கு அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே போக வேண்டும். மலைக்கோயிலுக்கு வருகிற பெரும்பாலோர் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறிப் போய்விடுகிறார்கள். நடப்பதற்கென்றே வந்தவர்கள் ஏற வேண்டாம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் வழிகளுக்கெல்லாம் கால்களைப் பழக்கிக்கொள்ள இந்தத் தூரம் போதும். முதுகுப்பையில் எது கூடுதல், எது குறைவு என்பதும் ஊர் போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும்.

நீங்கள் வந்த பாதையும் சாதாரணமானதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். பாசஞ்சர் வண்டியில் வருகிறவர்களுக்கு இன்னொரு யோசனை: அரக்கோணம் தாண்டி, சோளிங்கருக்கு முன்னாலேயே மகேந்திரவாடியில் இறங்கிக்கொள்ளுங்கள். ஊர் ஏரியின் பக்கத்தில் தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் எடுப்பித்த விஷ்ணு கோயில் அங்கே இருக்கிறது. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்று ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக் கல்வெட்டும் பொறித்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டு வேலை. பெரிய கோபுரம், மண்டபம் எதுவும் இல்லாததால் கூட்டம் வராது. தூண்களின் அருகில் நின்று உளி போன தடத்தைப் பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அங்கிருந்து பாணாவரம் வழியாகச் சோளிங்கர் வரைக்கும் நல்ல நடைக்காரருக்கு ஒரு நாள் ஆகும்.

இந்தக் கோயிலை முதலில் சொன்னதற்குக் காரணம் அந்த ஏரி. இந்தப் பக்கத்தில் வழி பிடிக்க ஒரே ஒரு முறையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். வரைபடத்தில் சாலைகளைத் தேடாதீர்கள், ஏரிகளைத் தேடுங்கள். வட ஆர்க்காட்டுச் சமவெளி முழுக்க ஏரிகளால் கோக்கப்பட்டது. ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். ‘ஏரி கோடி போகுது’ என்று இங்கே சொல்வது அதைத்தான். ஏரிக்கரை இருக்கும் இடத்தில் ஊர் இருக்கும், ஆலமரமோ அரசமரமோ இருக்கும், டீக்கடை இருக்கும், கரைமேல் நடக்க மண்பாதை இருக்கும். நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போவதைவிட, ஏரி விட்டு ஏரி போகும் ஊர்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போவது உடம்புக்கு லேசு. காரணம் நிழல்தான்.

எல்லை எங்கே இருக்கிறது

சோளிங்கர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. ஊருக்கு வடக்கே சிறிது தூரம் போனால் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரங்கள். வடமேற்கே ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ஒரே நாள் சைக்கிள் பயணத்தில் மூன்று மாவட்டங்களையும் இரண்டு மாநிலங்களையும் தொட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோளிங்கர் திரும்பலாம்.

இந்த எல்லை மிகவும் இளையது. ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணியும் சித்தூரோடு அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் அதைச் சுற்றிய ஊர்களும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. கோடு போட்டவர்கள் ஊர்களைத்தான் பிரித்தார்கள், உறவுகளை அவர்களால் பிரிக்க முடியவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், இந்தப் பக்கத்துக் கூலியாள் அந்தப் பக்கத்து மாந்தோப்பில் வேலை செய்வதும் இன்றும் நடக்கின்றன. வழிப்போக்கருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லையின் இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நீள்ளு, தாரி, எந்த தூரம் என்ற மூன்று சொற்கள் தெரிந்தால் தண்ணீரும் வழியும் தூரமும் கேட்டுக்கொள்ளலாம். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டால் இரண்டு மொழியிலும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நடந்தோ சைக்கிளிலோ எல்லையைத் தாண்ட எந்தச் சீட்டும் வேண்டாம். காப்புக்காடுகள் வேறு விஷயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. எல்லையோரக் காட்டுச் சாலைகளில் இருட்டிய பிறகு பயணமே வேண்டாம் என்பது என் கண்டிப்பான சொல். அன்றைய சித்தூர் மாவட்டத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 2015 ஏப்ரல் 7 அன்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கூலிவேலை தேடிப் போன மலை ஊர்க்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்தக் காடு சோளிங்கருக்குத் தொலைவில் இருந்தாலும், செம்மரக் கடத்தலுக்கான சோதனை எல்லைச் சாலைகள் எங்கும் நடக்கிறது. பகலில் போங்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எப்போது கிளம்புவது

மார்கழி நடுவிலிருந்து மாசி முதல் பாதி வரை. ஆங்கில மாதத்தில் ஜனவரியும் பிப்ரவரியும். ஏரிகளில் தண்ணீர் இருக்கும், நெல்லும் கரும்பும் நிற்கும், காலையில் பனி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பச்சை இன்னும் கூடுதலாக இருக்கும் என்றாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயணம் திட்டமிட முடியாது. சித்திரையில் வேலூர் வட்டாரத்து வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நாட்களில் நுங்கு கிடைக்கும், மாம்பழம் கிடைக்கும், ஆனால் பயணம் ஆகாது.

மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஆறுகளை மதிக்க வேண்டும். இங்கே ஆறு என்பது ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணல். சித்தூர் பக்கத்து மலைகளில் பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஆந்திராவில் கலவகுண்டா அணை திறந்தால் பொன்னையாற்றிலும், கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையிலும் தண்ணீர் பாய்ந்து தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 மழைக்காலத்து வெள்ளத்துக்குப் பிறகு, அந்த டிசம்பரில் பொன்னையாற்று ரயில் பாலத்திலேயே பழுது கண்டு ரயில்களை நிறுத்த வேண்டியிருந்தது. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கப் பார்க்காதீர்கள். ஊர்க்காரர் கடக்கிறாரே என்று பின்னால் போகவும் வேண்டாம், அவருக்குப் பள்ளம் எங்கே என்று தெரியும்.

ஒரு நாளின் கணக்கு இப்படி இருக்கட்டும். விடிவதற்கு முன் கிளம்பி, பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை முடித்துவிடுங்கள். பிறகு மூன்றரை வரை நிழல். மிச்சத்தை இருட்டுவதற்குள் முடியுங்கள். நடப்பவருக்கு ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர், சைக்கிளுக்கு 60. இதற்கு மேல் போக முடியும் என்பவர்கள் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே சைக்கிள்காரர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் போகிற வேகத்தில் மகேந்திரவாடிப் பாறை கண்ணில் படாது.

மலைக்கு ஒரு நாள்

எந்த வழி போனாலும் முதலில் ஒரு நாள் சோளிங்கர் மலைக்கு ஒதுக்குங்கள். நடைக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கொண்டபாளையம். அங்கே பெரிய மலைமேல் யோக நரசிம்மர், 1305 படி. எதிரே சின்ன மலைமேல் சங்கு சக்கரத்தோடு யோக ஆஞ்சநேயர், 406 படி. திருக்கடிகை என்று ஆழ்வார்கள் பாடிய, 108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், இந்த மலையில் தங்கினாலே போதும் என்பது நம்பிக்கை. கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். அமைதியாக ஏற விரும்புகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவதில் இருக்கும் உற்சாகத்தை அனுபவிக்க விரும்புகிறவர்கள் அந்த மாதத்திலேயே வரலாம்.

2024 மார்ச் முதல் பெரிய மலைக்கு ரோப் கார் ஓடுகிறது. முட்டி வலிக்காரருக்கும் வயதானவருக்கும் அது வரம். நடைக்கு வந்தவர்கள் படியிலேயே ஏறுங்கள், வேண்டுமானால் இறங்கும்போது ரோப் காரில் வாருங்கள். கெட்டியாகப் பயிற்சி செய்தவருக்கும் முட்டி இறங்கும்போதுதான் கெடுகிறது. காலை எட்டு மணிக்கு முன் ஏறத் தொடங்குங்கள். செருப்பைக் கீழே விட்டுத்தான் போக வேண்டும், பத்து மணிக்குக் கல் சுட ஆரம்பித்துவிடும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் சோளிங்கரைப் பற்றி எழுத முடியாது. அடிவாரத்தில் நுழைந்தவுடன் கம்பு வைத்துக்கொண்டு நிற்பவர்கள் கூப்பிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பதற்காக இல்லை, தட்டுவதற்கு. படியில் கம்பைத் தட்டிக்கொண்டே ஏறினால் குரங்குகள் ஒதுங்கி உட்காரும். கையில் பை தொங்கினால் பை போய்விடும். மூக்குக்கண்ணாடி, தொப்பி, செல்போன் மூன்றும் அவற்றுக்குப் பிடித்தமானவை. தண்ணீர் பாட்டிலை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். பாட்டிலைப் பிடுங்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலைப் படியில் உருட்டிவிடும் குரங்கை ஏறுகிற எவரும் பார்க்கலாம்.

மேலே போய் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். பிறகு போகப் போகிற வழிகளெல்லாம் ஒரே பார்வையில் அகப்படும். தெற்கே ஏரிகள் வெள்ளைத் தகடாகத் தெரியும் சமவெளி. வடக்கிலும் மேற்கிலும் உருண்டைப் பாறைகளைக் குவித்து வைத்தது போன்ற குன்றுகள். 1781 செப்டம்பர் 27 அன்று இந்தக் குன்றுகளின் நடுவில்தான் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதின. சோறும் பாரவண்டி மாடும் கிடைக்காமல் அலைந்த படை கூட்டினுடையது. அந்தச் சண்டையின் நினைவாக ‘சோளிங்கர்’ என்ற போர்ப் பெருமை இன்றும் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டியலில் இருக்கிறது. சண்டை நடந்த வயல்களில் இப்போது மல்லாட்டை விளைகிறது.

வள்ளி போன வழி

இந்த நூலில் உள்ள வழிகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. வள்ளிமலையிலிருந்து சோளிங்கர், சோளிங்கரிலிருந்து திருத்தணி. மொத்தம் 55 கிலோமீட்டர் அளவில் வரும். நடந்தால் இரண்டு நாள், சைக்கிளில் ஒரு நாள். தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் கண்டு காதலித்த மலை வள்ளிமலை என்றும், அவளை மணந்து வந்து அமர்ந்த மலை திருத்தணிகை என்றும் இந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். இரண்டு மலைகளையும் கால்நடையாக இணைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம் இல்லை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய சரிபாதித் தூரத்தில் சோளிங்கர் இருப்பதால் ராத்தங்கலுக்கும் கவலை இல்லை.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வள்ளிமலைக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள். சைக்கிள்காரர்கள் திருவலத்திலிருந்தே மிதிக்கலாம். சம்பந்தர் பாடிய வில்வநாதேஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வடக்கே பொன்னையாற்றை ஒட்டிப் போனால் மேல்பாடி. கல்வெட்டுகளில் இந்த ஆற்றுக்குப் பெயர் நீவா. மேல்பாடியில் ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய கோயில் கட்டியவன், பாட்டனுக்கு எல்லை ஊரில் அடக்கமாக ஒன்று கட்டியிருக்கிறான். பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்.

வள்ளிமலையில் முருகன் கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் சமணர் குகையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். கங்க மன்னன் ராசமல்லன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அமைந்த இடம் அது. தீர்த்தங்கரர் உருவங்களும் கன்னடக் கல்வெட்டும் பாறையிலேயே இருக்கின்றன. தமிழ் முருகன், கன்னட எழுத்து, கல்லெறி தூரத்தில் தெலுங்கு நாடு. எல்லை என்பது இங்கே எப்போதுமே இப்படித்தான் கலந்து கிடந்திருக்கிறது. திருப்புகழைப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்ததும் இங்கேதான். புத்தாண்டு நாளில் திருத்தணிப் படிகளில் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்.

வள்ளிமலையிலிருந்து பொன்னை வழியாகக் கிழக்கே திரும்பினால் சோளிங்கர் சாலை. பொன்னையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிறகு வருகிற ஊர்களில் டீயும் பஜ்ஜியும் கிடைக்கும், சாப்பாடு சொல்லி வைத்தால்தான். சாலையோரத்தில் கேழ்வரகுக் கூழ் விற்கும் அம்மாக்களைக் கண்டால் விடாதீர்கள். மோர் ஊற்றிக் கரைத்த ஒரு சொம்பு கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் நடைக்கு ஏற்ற ஆகாரம். குடித்தபின் இரண்டு மணி நேரம் பசிக்காது, வயிறும் கனக்காது. ‘நடந்தேவா வந்தீங்கோ சாமி?’ என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். அதற்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.

சோளிங்கரிலிருந்து திருத்தணி போகும் இரண்டாம் நாள் சாலை அகலமானது, லாரி அதிகம். நடப்பவர்கள் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி வலது ஓரத்தில் நடக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிப் போகும் கூட்டம் அப்படி நடப்பதில்லை, அவர்களுக்குப் போலீஸ் காவல் உண்டு. உங்களுக்கு இருக்காது. திருத்தணியில் 365 படி ஏறி இறங்கினால் ரயில் நிலையம் பக்கம்தான், சென்னைக்குப் புறநகர் வண்டி கிடைக்கும்.

பள்ளிப்பட்டுச் சுற்று

சைக்கிளுக்கென்றே அமைந்த வழி இது. சோளிங்கர், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, திருத்தணி. ஒரு முழு நாள். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, ஆனால் சாலை சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளிப்பட்டை நெருங்கும்போது பஸ் பலகைகளில் தெலுங்கு எழுத்து வரத் தொடங்கும். கிழக்கே திரும்பினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் நகரி மலையின் மூக்கு போன்ற முனை இடப்பக்கமாகக் கூடவே வரும். பள்ளிப்பட்டில் நீங்கள் தாண்டும் ஆற்றின் தண்ணீர்தான் பூண்டி ஏரி வழியாகச் சென்னைக்குக் குடிக்கப் போகிறது.

இந்தச் சுற்றின் ஊர்கள் தறி ஊர்கள். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். பெரும்பாலும் விசைத்தறி. கைத்தறி மிச்சமிருக்கும் தெருக்களில் விடியற்காலையில் போனால், தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, புருசு கொண்டு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இழைகள் காய்வதற்குள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. நூல் அறுந்தால் அங்கேயே நின்று முடிச்சுப் போடுவார்கள். அப்படிப் பாவு நீட்டியிருக்கும் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். மணி அடிக்க வேண்டாம். ஒரு கைப்பிடி நூல் அறுந்தால் ஒரு குடும்பத்தின் காலை வேலை வீண்.

காஞ்சிக்கு நடை

சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாச்சாரியார் ஆண்டுதோறும் வைகாசி கருடசேவைக்குக் காஞ்சிபுரம் போய்வருவது வழக்கம். ஓர் ஆண்டு போக முடியாமல் தக்கான் குளக்கரையில் நின்று உருகியபோது வரதராஜரே கருடன் மேல் அங்கே காட்சி கொடுத்தார் என்பது தல வரலாறு. இன்றும் காஞ்சிக் கருடசேவையில் ஒரு கணம் குடைகளால் பெருமாளை மறைக்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கர் போய்வருகிறார் என்று பொருள்.

தொட்டாச்சாரியார் போன பாதை எது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லும் வழி பாணாவரம், பனப்பாக்கம், திருமால்பூர், காஞ்சி. ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர் ஆகும், மூன்று நாளாகப் பிரித்து நடங்கள். தேசிய நெடுஞ்சாலை வழி குறுக்காகத் தெரியும், அதில் நடக்க வேண்டாம். நேரம் இருந்தால் தெற்கே விலகிக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மாலை உட்காருங்கள். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பல்லவர் காலத்தது, நிரம்பியிருந்தால் எதிர்க்கரை தெரியாது. வைகாசியில் இந்த நடையை முயல வேண்டாம். பக்தியால் நடந்தவர்கள் நடந்தார்கள், நாம் தை மாதத்தில் நடப்போம்.

பாலாற்றுப் பக்கம்

ஆம்பூர் பிரியாணிக்காகச் சைக்கிளில் மேற்கே போகிறவர்கள் உண்டு. ராணிப்பேட்டை, விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே போக வேண்டும். புகையும் லாரியும் அதிகம், காட்சி குறைவு. பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பதே என் தீர்ப்பு.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தோல் பதனிடும் ஊர்களில் திறந்த கிணற்றுத் தண்ணீரையோ, தெரியாத போர் தண்ணீரையோ குடிக்காதீர்கள். பல பத்தாண்டுக் கழிவு இறங்கிய நிலம் அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்தப் பாலாற்று நிலத்துக்காகத்தான். தீர்ப்பு நாடு முழுக்கச் சட்ட மாணவர்களுக்குப் பாடமாகிவிட்டது, கெட்ட கிணறுகள் நல்லதாகவில்லை. அந்த ஊர்களில் குடியிருப்பவர்கள் குடிக்கும் தண்ணீரைக் கேன் கேனாக விலைக்கு வாங்குகிறார்கள். தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் நின்றால், உங்களுக்கு ஊற்றுவது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள்.

சைக்கிளும் மூட்டையும்

கியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போகலாம். டயர் 35 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இங்கே பஞ்சருக்கு முதல் காரணம் வேலிகாத்தான் முள். ஏரிக்கரைப் பாதையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். முள் குத்தினால் பிடுங்காமல் ஓட்டினால் காற்று மெதுவாக இறங்கும், அடுத்த ஊர் வரை தாங்கும். இரண்டு மாற்று டியூப், ஒட்டுவதற்குச் சொல்யூஷனும் ரப்பர் துண்டும், கைப்பம்பு, டயர் நெம்பி இருந்தால் போதும். சாதா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர் எந்த ஊரிலும் இருப்பார், கியர் வண்டிக்குப் பாகம் கிடைக்காது. அறுவடைக் காலத்தில் சாலையையே களமாக்கி நெல்லும் கேழ்வரகும் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள், பிரேக்கும் போடாதீர்கள், சறுக்கிவிடும்.

தண்ணீர் குளிர்காலத்திலேயே ஆளுக்கு மூன்று லிட்டர். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் ஒரே எண்தான். பெரிய சிகிச்சைக்கு வாலாஜாப்பேட்டையில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையும், 2022 முதல் ராணிப்பேட்டையருகே சி.எம்.சி. வளாகமும் இருக்கின்றன. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். ஆடாமல் அசையாமல் இருந்து வண்டியை வரவழையுங்கள்.

ராத்தங்கல் சோளிங்கரிலும் திருத்தணியிலும் சுலபம். இடையிலுள்ள ஊர்களில் கூடாரம் அடிக்கும் எண்ணம் இருந்தால் ஏரிக்கரையில் அடிக்காதீர்கள். ஊர்ப் பெரியவரையோ ஊராட்சித் தலைவரையோ பார்த்துக் கேட்டால் கோயில் மண்டபமோ பள்ளித் திண்ணையோ காட்டுவார்கள். கேட்காமல் படுத்தவர்களைத்தான் ராத்திரியில் எழுப்பி விசாரிப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வழிகள் எதிலும் அம்புக்குறியோ, தங்கும் விடுதிச் சங்கிலியோ, நடைப்பயணிகளுக்கென்று ஒரு பலகையோ கிடையாது. டீக்கடைக்காரரும் கூழ் விற்கும் அம்மாவும் பஞ்சர் ஒட்டுபவரும்தான் இருக்கிறார்கள். தேவையானதைச் சென்னையிலிருந்து மூட்டை கட்டி வராமல் அவர்களிடம் வாங்குங்கள். வாங்கியதன் பாட்டிலையும் கவரையும் ஏரியில் போடாமல் சோளிங்கர் வரை சுமந்து வாருங்கள்.